ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து சேர்ந்த காய்கறிகள்

கொல்லைப்புறத்தில் ஓர் அங்குலம்கூடச் சும்மா விடக் கூடாது என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் பஸ் டெப்போவில் கால அட்டவணை போடுகிறவன். இருநூற்றுப் பன்னிரண்டு பஸ்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதுவது நான்தான். அவை அப்படி வருவதில்லை என்பது வேறு விஷயம். அது டிரைவர்களின் குணக்கேடு.

ஏழு முப்பத்தெட்டுக்கு என் மனைவி ஒரு செய்தி சொன்னாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். வாசலில் நின்று தயங்குகிறவர்களை இதமாகப் பேசி உள்ளே அழைத்து நாற்காலியில் சாய்த்துவிடுவது அவள் உத்தியோகம். வாயைத் திறந்த பிறகுதான் எத்தனை பல் பிடுங்க வேண்டும் என்பதையே சொல்வார்கள். வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான்.

"தம்பிக்கு இந்த ஊர்லயே வேலை கிடைச்சிருக்குங்க. ஹோட்டல்ல தினமும் ராத்திரி வாசிக்கணுமாம். அஞ்சு மாசத்துல வர்றான். பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு. ஒரு ரூம் போட்டுக் கொடுத்துட்டா அவன் பாட்டுக்கு இருந்துட்டுப் போறான்."

அவன் பாட்டுக்கு இருப்பான் என்பதுதான் என் பயமே. என் மச்சினன் டிரம்பெட் வாசிக்கிறவன். போன வருடம் வந்து பதினோரு நாள் தங்கினான். காலை ஐந்தரைக்குக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுவான். அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்கிறதாம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு நாய் தானாகவே வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. எனக்கு அந்த வசதி இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் பகல் முழுக்க ஹாரன் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பின்வாசல் படியில் அரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்காருவேன். எனக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சுகம் அதுதான். அந்தப் படிக்கு எட்டடி தள்ளி ஒரு டிரம்பெட் குடியேறினால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தாலே அழுகை வந்தது.

ஆனால் முடியாது என்று சொல்ல முடியாது. பதினான்கு வருடமாகச் சொன்னதில்லை, புதிதாக எப்படி ஆரம்பிப்பது? அதனால் ஏழு நாற்பதுக்கு, காப்பி டம்ளரை வைத்துவிட்டு, அங்கே நான் ஒரு பெரிய காய்கறித் தோட்டம் போடுவதாக இருக்கிறேனே என்றேன். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

"நீங்களா?" என்றாள்.

"நான்தான். ஏன்?"

"போன வருஷம் ஊருக்குப் போறப்ப ஹால்ல இருக்கிற செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போனேன். பத்து நாளா பிளாஸ்டிக் செடிக்கு ஊத்தியிருந்தீங்க."

அது வாடாமல் இருந்ததா இல்லையா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்த இதமான குரலில் ஓர் ஒப்பந்தம் பேசினாள்.

"சரிங்க. ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். தம்பி வர்ற வாரம் அங்க வெட்ட மனசு வராத மாதிரி செடி நிக்கணும். நின்னா ரூமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவன் வேற வீடு பாத்துக்கட்டும். நிக்கலைன்னா ரூம்தான். சரியா?"

சரி என்றேன். அவ்வளவு சுலபமாக ஒரு போரில் நான் ஜெயித்ததே இல்லை.

முதல் மாதம் முழுக்கத் தோண்டினேன். கொல்லைப்புறம் என்று நான் சொன்னதை நீங்கள் ஏதோ மண் என்று நினைத்திருப்பீர்கள். அது பழைய துவைக்கிற மேடையை இடித்துப் போட்ட இடம். ஒரு கல்லை எடுத்தால் அடியில் இரண்டு கல் இருக்கும். நடுவில் பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை ஒன்று வேறு. மூன்று வருடமாக அதை எடுக்க ஆள் தேடுகிறோம், வருகிறவர்கள் எல்லாரும் கட்டையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அதை நான் தனியாளாக ஒன்பது நாளில் பெயர்த்தேன். பத்தாவது நாள் என்னை யாராவது பெயர்க்க வேண்டியிருந்தது.

மனைவி ஒத்தாசையாகத்தான் இருந்தாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னும் அரையடி ஆழம் போனால் வேர் நன்றாக இறங்கும் என்றாள். மூலையில் மேடாக இருக்கிறது, தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிவிடும், மட்டப்படுத்தினால் நல்லது என்றாள். நான் டெப்போவிலிருந்து ரசமட்டம் கடன் வாங்கிவந்து மட்டப்படுத்தினேன். நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டினேன். என் கொல்லைப்புறம் கேரம் பலகையாகிவிட்டது.

அப்போதுதான் நாயைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். அவர் ரிட்டயர்டு தபால்காரர். எல்லாருக்கும் ஏதாவது கொடுத்தே பழக்கப்பட்டவர், இப்போது கையில் கடிதம் இல்லாததால் யோசனை கொடுக்கிறார்.

"வெண்டை, தக்காளி, கத்தரி போடுங்க சார். தினமும் நாலு காய் வந்துக்கிட்டே இருக்கும். செடியும் மாசக்கணக்கா நிக்கும்."

தினமும் நாலா? எந்த நாலு? எத்தனை மணிக்கு? கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. வெண்டைக்கே தெரியாதாம். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஏழு, மறுநாள் ஒன்றுமில்லை என்று அதன் இஷ்டத்துக்குக் காய்க்குமாம். இப்படி இஷ்டத்துக்கு வருகிறவர்களோடு நான் இருபது வருடமாக மாரடிக்கிறேன். என் சொந்தத் தோட்டத்திலுமா?

நான் போட்டது எல்லாம் நேரம் தவறாத சரக்கு. விதைத்து இத்தனையாம் நாள் என்றால் அத்தனையாம் நாள் தயாராகிற வகை. பூசணி நூற்றுப்பத்து நாள். வெங்காயம் நூற்றைந்து. உருளை தொண்ணூற்றைந்து. முட்டைக்கோஸ் தொண்ணூறு, காலிஃபிளவர் எண்பத்தைந்து, கேரட் எண்பது. பீட்ரூட் அறுபது, நூல்கோல் ஐம்பது, முள்ளங்கி நாற்பது, கீரை முப்பது. மச்சினன் வருகிற ஞாயிற்றுக்கிழமையை முடிவாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் விதைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டேன். பத்து வரிசை, பத்துப் புறப்பாடு, ஒரே சேருமிடம். நாலு கலரில் கோடு போட்டு சமையலறைச் சுவரில் ஒட்டினேன். என் வேலையிலேயே மிகச் சிறந்தது அதுதான். டெப்போவில் போட்டிருந்தால் சிலை வைத்திருப்பார்கள்.

மனைவி கரண்டியோடு வந்து அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"எல்லாமே ஒரே நாள்லயா?"

"ஒரே நாள். காலை பத்து மணிக்கு."

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள். பதினான்கு வருடத்தில் அவள் பாராட்டிய இரண்டாவது விஷயம் அது. முதலாவது என் தங்கை.

அடுத்த நாலு மாதம் நான் தோட்டத்தை நடத்தினேன் என்று சொல்ல மாட்டேன், இயக்கினேன். காலையில் விசிலோடு வரிசை வரிசையாகப் போவேன். பீட்ரூட் மூன்று நாள் பின்தங்கியது, இரண்டு கூடை எரு போட்டு இழுத்துப் பிடித்தேன். காலிஃபிளவர் ஒரு வாரம் முன்னாடியே வந்து நின்றது. அதன் இலைகளைச் சேர்த்துத் தலைக்கு மேல் கட்டி, இன்னும் நேரம் ஆகவில்லை, பொறு என்று சொன்னேன். முட்டைக்கோஸில் புழு ஏறியது. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன். ஒரு நாள் ஆபீசில் தோட்ட ஞாபகத்திலேயே ஐந்தாம் நம்பர் பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் ரேடியேட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, ஆபீசில் முதன்முறையாக ஒருவர் விஷயத்தோடு பேசுகிறார் என்று எல்லாரிடமும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐயா, நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பத்து வரிசையும் வந்து நின்றன. கேரட் தோளைக் காட்டிக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் ஒவ்வொன்றும் குழந்தைத் தலையளவு. பூசணியைத் தட்டினால் டங் என்றது. பின்வாசல் படியில் நின்று வரிசைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். இந்தக் கையா இதைச் செய்தது என்று கையைப் பார்த்தேன். அதில் தோல் இருந்தால்தானே.

பத்து மணிக்கு மச்சினன் டிரம்பெட் பெட்டியோடு வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. மனைவி தன் ஆஸ்பத்திரி நோட்டைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுகிற அத்தனை பேருக்கும் போன் போட்டிருந்தாள். என் வீட்டுக்காரர் தோட்டத்தைப் பாக்க வாங்க என்று கூப்பிட்டாளாம். என்னைப் பார்க்க இத்தனை பேர் என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

மச்சினன் வாயைப் பிளந்தான். அவன் வாய் டிரம்பெட் இல்லாமல் திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை.

"மாமா, இதை வெட்டிட்டா ரூம் கட்டறது? பாவம் பிடிச்சுக்கும். நான் ஹோட்டல் பக்கமே ஒரு வீடு பாத்துக்கறேன்."

கேட்டீர்களா? எல்லார் முன்னாலும் சொன்னான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி, "ஒண்ணே ஒண்ணு பிடுங்கிக் காட்டுங்களேன், எல்லாரும் ஆசையா நிக்கறாங்க," என்றாள்.

ஒரு கேரட்டைப் பிடுங்கினேன். முக்கால் அடி நீளம். கூட்டம் கை தட்டியது. மச்சினன் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுத்து ஒரு சின்ன வரவேற்பு ஊதினான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. இன்னொன்று பிடுங்கினேன். இன்னொரு ஊதல். அப்புறம் எனக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. கேரட் வரிசை முடிந்ததும், "அடுத்து பீட்ரூட், சரியான நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது," என்று அறிவித்தேன். டெப்போ குரலில்தான். எல்லாரும் சிரித்தார்கள். டிரம்பெட் முழங்கியது. முட்டைக்கோஸை விட்டால் வெடித்துவிடும் என்று மனைவி நினைவூட்டினாள். வெட்டினேன். உருளையைத் தோண்டினேன், வெங்காயத்தை இழுத்தேன். முந்தின நாள்தான் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒருவருக்கு ஒரு கட்டு கேரட் கொடுத்தேன், அவர் கண்ணில் நீரோடு வாங்கிக்கொண்டார். தபால்காரர் ஒரு பூசணியை ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்ததுக்கு ஓடி வந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு டெலிவரி. மூன்று மணிக்கு எல்லாரும் பையை நிரப்பிக்கொண்டு, என்னை வாயார வாழ்த்திவிட்டுப் போனார்கள். மச்சினனும் வீடு பார்க்கப் போனான். நான் அப்படியே சோபாவில் விழுந்து தூங்கிவிட்டேன். அவ்வளவு நிம்மதியாகத் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை காப்பி டம்ளரோடு பின்வாசல் படிக்குப் போனேன். ஜெயித்தவன் உட்காருகிற மாதிரி உட்கார வேண்டும் என்று போனேன்.

படியில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டி அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார். என் முளையில் என் நூலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நின்றார். நடுவில் என் மனைவி கையை நீட்டி, கதவு இந்தப் பக்கம், ஜன்னல் அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நான் பேச்சு மாற மாட்டேங்க. வெட்ட மனசு வராத மாதிரி செடி நிக்கணும்னுதானே சொன்னேன்? எங்க நிக்குது?"

பார்த்தேன். ஒரு கீரைத் தண்டு இல்லை. சுவருக்குச் சுவர் வெறும் மண், மட்டமாக.

"உன் தம்பி வேற வீடு பாத்துக்கறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னானே."

"செடியைப் பாத்துட்டுச் சொன்னான், பாவம். சாயங்காலம் வந்து காலி இடத்தைப் பாத்தான். இப்ப ஹோட்டல்ல போட்டிருந்த சாமானைக் கட்டிட்டிருக்கான்."

"அப்ப கொத்தனாரை நேத்து சாயங்காலம் கூப்பிட்டியா?"

"நேத்துச் சொன்னா இன்னைக்கு எந்தக் கொத்தனார் வருவார்?" என்றாள் அதே இதமான குரலில். "சுவத்துல அட்டவணை ஒட்டினீங்களே, அன்னைக்கே இந்தத் திங்கக்கிழமையைச் சொல்லி வச்சிட்டேன். வெண்டை, தக்காளின்னு ஏதாவது போட்டிருந்தீங்கன்னா எனக்குத்தான் திண்டாட்டமா போயிருக்கும். அது பாட்டுக்கு மாசக்கணக்கா நின்னிருக்கும்."

கொத்தனார் எழுந்து வந்து மண்ணில் கம்பியைச் செருகினார். சிரமமில்லாமல் இறங்கியது. ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி என் மனைவியிடம் சொன்னார்:

"ஒரு கல்லு இல்லை, ஒரு வேர் இல்லை. நல்ல வேலைக்காரனாத்தான் புடிச்சிருக்கீங்கம்மா. அஸ்திவாரத்துக்கு இன்னும் ரெண்டடிதான், அதையும் அந்த ஆளையே தோண்டச் சொல்லிடுங்க."