பூஜ்யத்தைத் தாண்டிக் குதித்த மாத்திரைகள்

அன்புத் தங்கச்சிக்கு அக்காள் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

முதலில் பிள்ளைகள் சங்கதி. பெரிய பேரன் நாலாவது தடவையில் கார் லைசென்ஸ் வாங்கிவிட்டான். அடுத்தவனுக்கு நீச்சலில் இரண்டாம் பரிசு. நீந்தியதே மூன்று பேர்தான், அதை யாரிடமும் சொல்லாதே. கடைக்குட்டி தானே ஷூ மாட்டுகிறது, கால்தான் மாறிவிடுகிறது. ஆனால் பேத்தி செய்ததைக் கேட்டால் முழங்காலை மறந்து எழுந்து நிற்பாய்.

அவள் மூன்று மாதமாகக் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதப் படிக்கிறாள் அல்லவா? கடைசி வகுப்பில் சொந்தமாக ஒன்று எழுதிக் காட்டினால்தான் வேலை. அதற்கு என் தெம்பு மாத்திரையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் "பாட்டி, ரெண்டு மாத்திரை போடுங்க" என்று கம்ப்யூட்டர் பேச வேண்டும், இருப்பில் இரண்டைக் கழிக்க வேண்டும், பூஜ்யம் வந்ததும் "தீர்ந்துபோச்சு" என்று நிற்க வேண்டும். "எத்தனை இருக்கு பாட்டி?" என்றாள். எண்ணிப் பார்த்துப் பதினைந்து என்றேன். நான் ஒரு வேளைகூடத் தவறாமல் போடுகிறவள், உனக்கே தெரியும்.

காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், ஒரு நாளை ஒரு நொடியாகச் சுருக்கி ஓடவிட்டாள். பதிமூன்று, பதினொன்று என்று ஒழுங்காகத்தான் இறங்கியது, ஒன்று வந்தது, அப்புறம் மைனஸ் ஒன்று, மைனஸ் மூன்று என்று பாதாளத்துக்கே போய்க்கொண்டிருக்க, "பாட்டி போடுங்க, பாட்டி போடுங்க" என்று அது கத்த, "இல்லாத மாத்திரைய எங்கேருந்துடி போடுறது?" என்று நான் கத்த, அவள் பதறிப்போய்க் கழிக்கிற வரியையே எடுத்துவிட, அது பதினைந்திலேயே சம்மணம் போட்டுக்கொண்டு கத்த, கடைசியில் மருமகன் வந்து வயரைப் பிடுங்கினார். பேத்தி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "நிக்கத் தெரியாத ப்ரோக்ராமுக்கு யாரு பாட்டி வேலை குடுப்பா?"

அந்த வரியைத் திரும்பப் போட்டு மெதுவாக ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று... ஒன்று...

"நிறுத்துடி! ஒண்ணே ஒண்ணு இருக்கும்போது ரெண்டு எப்படிப் போடுவேன்? பூஜ்யம் வரட்டும்னு எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கே? ரெண்டுக்குக் குறைஞ்சாலே கடைக்கு ஓட வேண்டாமா?"

"ஐயோ, அது பூஜ்யத்தத் தொடாமலே தாண்டிக் குதிச்சிருக்கு, பாட்டி!"

பூஜ்யமா என்று கேட்ட வரியை, இரண்டுக்குக் குறைவா என்று மாற்றினாள், "தீர்ந்துபோச்சு" என்பதையும் மாற்றினாள். ஒன்றில் வந்து "புதுசு வாங்குங்க" என்று சமர்த்தாக நின்றுவிட்டது. மறுநாள் வாத்தியார் ஒற்றைப்படை கொடுத்தார், இரட்டைப்படை கொடுத்தார், எதற்கும் நின்றது. வேலை கிடைத்துவிட்டது! அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குத்தானே நிறுத்தத் தெரியும்?

நீயும் உன் வீட்டாரும் வேண்டிய மட்டும் ஓடி, வேண்டிய இடத்தில் நின்று, நன்றாக இருக்க என் ஆசீர்வாதம்.

அக்காள்

பின்குறிப்பு: படித்ததும் கிழித்துவிடு. இருபது வாங்கித் தினம் இரண்டு போட்டால் ஒற்றைப்படை எப்படி வரும் என்று மருமகன் யோசிக்கத் தொடங்கிவிட்டார். கசப்புத் தாங்காமல் ஒரு நாள் ஒன்றோடு நிறுத்திவிட்டேன். ஒழுங்காகப் போட்டிருந்தால் பேத்தி முதலில் எழுதியதே தானாக நின்றிருக்கும். கடைசியில் மிஞ்சிய ஒற்றை மாத்திரை காட்டிக்கொடுத்துவிடுமே என்று, கூடத்தில் மாட்டியிருக்கும் உன் போட்டோவுக்குப் பின்னால் செருகினேன். உன் கன்னம் புடைத்துக்கொண்டது. "சின்னப் பாட்டிக்குப் பல்வலியா?" என்று கடைக்குட்டி ஊரைக் கூட்டுகிறது. கெட்டி அட்டையில் புதுப் போட்டோ ஒன்று எடுத்து உடனே தபாலில் போடு.