ஒரு பெரியவர், ஒரு குழந்தை

லிப்ட் மெக்கானிக் தன் மனைவியைக் குழந்தை ஆக்கியது வேண்டுமென்றே அல்ல. கட்டைவிரலில் கிரீஸ் இருந்தது.

மதிய இடைவேளையில், பழுதாகி நின்ற லிப்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிரந்தர வசிப்புரிமைக்கான அரசுக் கட்டணத்தைச் செல்பேசியில் கட்டிக்கொண்டிருந்தார். தனக்கு ‘முதன்மை விண்ணப்பதாரர்’ என்று கம்பீரமாக ஒரு தட்டு. மனைவிக்குத் ‘துணைவர்’ என்பதைத் தட்டப்போன விரல் வழுக்கி, கீழ்வரியில் இருந்த ‘குழந்தை’யில் போய் இறங்கியது. தொகை குறைந்ததைப் பார்த்து, ‘பரவாயில்லையே, அரசாங்கத்துக்கும் ஈவிரக்கம் இருக்கே’ என்று நெகிழ்ந்துபோய்ப் பணத்தையும் கட்டிவிட்டார்.

ரசீது வந்தது: ஒரு பெரியவர், ஒரு குழந்தை.

இருவர் விசாவும் மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் விண்ணப்பம் தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரார் தப்பாக அமுக்கும் பொத்தான்களைச் சரிசெய்து பிழைப்பவர், தான் அமுக்கியதை எந்த முகத்தோடு மனைவியிடம் சொல்வார்? கூட வேலை பார்ப்பவரிடம் சொன்னார். அவருக்குப் பட்டப்பெயர் ‘சட்டம்’. “சட்டப்படி” என்று ஆரம்பிக்காமல் அவருக்குத் தும்மல்கூட வராது.

“சட்டப்படி பாத்தா ரொம்ப சிம்பிள் அண்ணே. குறைஞ்ச தொகையைக் கட்டிடுங்க. முடிஞ்சது ஜோலி.”

கட்டினார். ஜோலி முடியவில்லை, குடும்பம் பெருகியது. கூடுதல் உறுப்பினரைச் சேர்த்ததற்குக் குடிவரவு அலுவலகம் நன்றி தெரிவித்திருந்தது. இப்போது விண்ணப்பத்தில் அவர், குழந்தையாகிய மனைவி, கூடவே பெயர் தெரியாத பெரியவர் ஒருவர்.

“யாருண்ணே அந்தப் பெரியவர்?” என்றார் சட்டம்.

“நீதானேய்யா சேத்துவிட்டே!”

“அப்ப சட்டப்படி அவரை நீக்கிடணும்.”

நீக்குவதற்கும் கட்டணம் இருந்தது. அதையும் கட்டி, ‘பெரியவரை நீக்கு’ என்று அமுக்கினார். மெக்கானிக்கே நீங்கிவிட்டார். விண்ணப்பத்தில் குழந்தையும் அந்த ஊர்பேர் தெரியாத பெரியவரும் மட்டும் குடித்தனம் நடத்தினார்கள்.

அலுவலகத்துக்கு போன் போட்டார்.

“மேடம், அந்தக் குழந்தை குழந்தையே இல்ல.”

“வயசு?”

“முப்பத்தெட்டு.”

“மாசமா?”

“வருஷம்.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. “இன்னும் உங்களைச் சார்ந்துதான் இருக்காங்களா?”

“முழுக்க மேடம். நான் இல்லேன்னா அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது” என்றார், அனுதாபம் கிடைக்குமே என்று.

கிடைத்தது. மறுவாரம் குழந்தைகள் நலப்பிரிவிலிருந்து ஓர் அதிகாரியம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

“குழந்தை எங்கே?”

மனைவி அப்போதுதான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையை முடித்துவிட்டுச் சீருடையோடு உள்ளே நுழைந்தாள்.

“இதோ” என்றார் மெக்கானிக், ஈனஸ்வரத்தில்.

மனைவி அதிகாரியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? சரி, மொதல்ல சட்டைப் பித்தானை ஒழுங்காப் போடுங்க. கண்ணாடியை மேசையில தேடாதீங்க, நெத்தியில இருக்கு. மாத்திரை போட்டீங்களா?”

“மறந்துட்டேன்.”

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். “இவங்ககிட்ட நான் தனியாப் பேசணும்.”

சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. நெடுநேரம் குசுகுசுப்பு. நடுநடுவே சிரிப்பு. வெளியே வந்த அதிகாரி மெக்கானிக்கின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அத்தனை பரிவாக அவரை யாரும் தட்டிக்கொடுத்ததில்லை.

“என்ன கேட்டாங்க?”

“உங்களைப் பத்தித்தான்.”

“நீ என்ன சொன்னே?”

“உள்ளதைச் சொன்னேன். கையைக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க.”

தட்டு எடுக்கப் போய்விட்டாள்.

மாதக் கடைசி வந்தது. மெக்கானிக் அலுவலகக் கவுன்ட்டரில் போய் நின்றார். குமாஸ்தா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த விண்ணப்பத்துல நீங்களே இல்லையே சார்.”

“நான் கிடக்கறேன். அவளுக்கு என்ன ஆச்சு?”

“அது வேற கோப்பு.”

“வேற கோப்புன்னா? திருப்பி அனுப்பிடுவீங்களா?”

“அப்படிச் சொல்ல முடியாது.”

“எப்படித்தான் சொல்லுவீங்க?” மெக்கானிக் கவுன்ட்டர் மேல் குனிந்தார். “சார், தப்பு பூரா என்னோடது. என்னை அனுப்பிடுங்க. பெத்த பிள்ளைங்களே எட்டிப் பாக்காத பெரியவங்களை அவ பேர் சொல்லிக் கூப்பிட்டு, உக்காத்தி ஊட்டி விடுறா. அவ இங்க இருக்கட்டும். அதுக்கு ஏதாவது கட்டணம் இருந்தா சொல்லுங்க, இப்பவே கட்டிடறேன்.”

செல்பேசியை எடுத்துவிட்டார். குமாஸ்தா பதறிப்போய், கவுன்ட்டர் கண்ணாடிக்குக் கீழே கையை நுழைத்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, வேணாம் சார்! நேராவே சொல்லிடறேன். உங்க சம்சாரம் தன் வேலையைக் காட்டித் தனியா விண்ணப்பிச்சு, உங்களைத் தன்னைச் சார்ந்தவரா சேத்து, ரெண்டு பேருக்கும் வசிப்புரிமை வாங்கிட்டாங்க. ‘அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க, இதுக்கும் இன்னொரு தடவை பணம் கட்டிடுவார்’னு சொல்லிட்டுப் போனாங்க!”