பாலம் இருக்க ஓடையில் இறங்கிய சம்பந்தி

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய நந்தகோபால் ஐயா அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் ஐயா என்று எழுதியிருக்கிறேன். உரிமை இருக்கிறது என்றால் தயவுசெய்து மேலே பேனாவால் திருத்திப் படித்துக்கொள்ளவும்.

ராமலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி சந்திரா, தங்கள் மாப்பிள்ளை பரணிதரன் (இதற்கும் மேற்சொன்ன திருத்தம் பொருந்தும்) மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு தாங்களும், வீட்டுப் பெரியவர்களும், மணப்பெண் நித்யஸ்ரீயும், தங்கள் டிராக்டரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். டிராக்டரை விசாரிப்பது கேலிக்கு அல்ல. வெள்ளிக்கிழமை அது எங்களுக்குச் செய்த உபகாரத்தை இந்தக் குடும்பம் மறக்காது. மறக்கலாம் என்று நினைத்தாலும் சந்திரா விடமாட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரத்தில், நலுங்காத உடையில், நாதஸ்வரத்தோடு வர வேண்டும். நாங்களோ நல்ல நேரமெல்லாம் முடிந்து ராகு காலம் பிறந்த பிறகு, இடுப்பு வரை சேற்றோடு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பிரியாணி வாசனையோடு, பெண்ணைப் பெற்றவரே ஓட்டிய டிராக்டரின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு வந்தோம். தாங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். தட்டு மாற்றவில்லை. அந்த 'அப்பறம்' எப்போது வரும், வந்தால் என்ன சொல்லும் என்று தெரியாமல் என் மகன் நேற்றிலிருந்து சட்னி இல்லாமலே இட்லி சாப்பிடுகிறான். சட்னி அவன் எதிரில்தான் இருக்கிறது. ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. பையனுக்கு அதில் பங்கே கிடையாது.

தாங்கள் அறிந்தபடி நான் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்கும் மனிதனுக்கு மகன் ஒரு நல்ல போனை வாங்கிக் கொடுத்தான். அதில் முதலில் பக்திப் பாடல் கேட்டேன், பிறகு மூட்டு வலிக்கு மருந்து பார்த்தேன், மூட்டு வலியிலிருந்து எப்படியோ வழுக்கி 'சேற்றுச் சிங்கம்' என்கிற சேனலில் விழுந்துவிட்டேன். தாடி வைத்த ஒரு பையன் ஜீப்பை ஆற்றில் இறக்குவான், மலையில் ஏற்றுவான், சேற்றில் புதைப்பான், மறுபடி எடுப்பான். நடுநடுவே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சாமானைக் கையில் எடுத்து, "நண்பர்களே, நான் சொந்தமா யூஸ் பண்ணாத எதையும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்பான். நான் அவ்வளவு சுலபத்தில் ஏமாறுகிறவன் அல்ல. வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, அவன் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தேன். தையல் நம்ம ஊர்த் தையல்! ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. ஷூவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது எங்கள் தொழிலில் ஊறியவர்களின் நம்பிக்கை. இப்படிப்பட்ட பூட்ஸ் போட்டவன் வாயிலிருந்து பொய் வருமா என்று அந்த நிமிஷமே அவனுக்கு என் மனசை எழுதிக் கொடுத்துவிட்டேன். வீடியோவின் அடியில் 'ஸ்பான்சர்' என்று பொடி எழுத்தில் ஓடும். நம்ம கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு 'உபயம்' என்று எழுதியிருப்பார்களே, அதுபோல இந்தப் பிள்ளையின் நேர்மையை மெச்சி யாரோ புண்ணியவான்கள் செய்யும் உபயம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அடுத்த வாரமே அவன் ரப்பர் செருப்போடு வந்து, உலகத்திலேயே சிறந்த காலணி இதுதான் என்றான். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது ரப்பர் செருப்பு.

பிறகு என்ன, ஜீப் இல்லாமல் ஜீப் சாமான் வாங்கினால் நன்றாக இருக்காதே என்று ஜீப்பும் வாங்கினேன். என் நண்பன் மஹபூப் பாஷாவின் மெக்கானிக் ஷெட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய வண்டி அது. கோழியைச் சமாதானப்படுத்தித்தான் எடுத்து வந்தோம். அதற்குச் சிங்கம் சொன்னபடி முன்னால் இரும்புப் பம்பர், யானையையே இழுக்கும் என்று அவன் சத்தியம் செய்த கயிறு, சேற்றில் சக்கரத்தின் அடியில் போட ஆரஞ்சு நிறப் பலகை, தண்ணீரில் வண்டி மூச்சு விடுவதற்காக மேலே தூக்கிக்கொண்டிருக்கும் மூக்குக் குழாய் எல்லாம் வரவழைத்தேன். சந்திரா அந்தக் குழாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலூருக்குத்தான் அவ்ளோ பெரிய ரோடு போட்டு வெச்சிருக்காங்களே, இது எந்தத் தண்ணில எறங்கி மூச்சு வுடப் போவுது? இன்னாங்க இது?" என்று கேட்டாள். நான் குழாயைத் துடைக்கப் போய்விட்டேன். அறிவில்லாதவர்களோடு விவாதிக்க வேண்டாம் என்று சிங்கம் ஒரு வீடியோவில் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, வரிசைத் தட்டுகளோடு நானும் பரணியும், குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கும் என் மைத்துனன் பார்த்திபனும் ஜீப்பில் வந்தோம். பாஷா ஓட்டினார். வேலூரைத் தாண்டி அமிர்தி சாலையில் திரும்பித் தங்கள் ஊர் எல்லைக்கு வந்தால் ஓடை. இந்த வருஷ மழைக்குத் தண்ணீர் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பாலமும் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. வேன் அந்தப் பாலத்தின் மேல் போனதையும், சன்னலில் சந்திரா எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டதையும் கண்ணால் பார்த்தேன். பரணி, "அப்பா, பாலம்பா" என்றான். பாஷா, "தோஸ்த், தண்ணி ஜாஸ்தியா கீது, பேஜாராப் பூடும்" என்றார். நான் கேட்கவில்லை. அதற்குக் காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் ஐயா. வாழ்நாள் முழுக்க ஷூவைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கப்பலுக்கு அனுப்பினேன். அதைப் போட்டுக்கொண்டு யார் எங்கே ஜம்மென்று நடந்தார்கள் என்று ஒரு நாளும் பார்த்தது கிடையாது. என் பிள்ளையின் நிச்சயத்தன்றாவது நாலு பேர் வாயைப் பிளக்க, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தங்கள் வாசலில் வந்து இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். "எறக்குங்க பாஷா" என்றேன்.

ஓடையின் பாதிவரை தேர் மாதிரி போனோம். அப்புறம் ஜீப் ஒரு தடவை தும்மியது, நின்றுவிட்டது. நம் மூக்குக் குழாய் இருக்க என்ன பயம் என்று நான் பின்னால் திரும்பிப் புன்னகை செய்தேன். பாஷா இறங்கிக் குழாயைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. "இது மூக்கே இல்ல தோஸ்த். மேல சும்மா ஒட்டி வெச்சிருக்கான். உள்ள ஓட்டையே கெடையாது!" என்று சொல்லி அதைத் தண்ணீரில் விட்டார். அது மட்டும் அழகாக மிதந்து போயிற்று. ஆரஞ்சுப் பலகையைச் சக்கரத்தின் அடியில் கொடுத்தோம். சக்கரம் சுற்றிய வேகத்தில் பலகை எகிறிப் பறந்து மாம்பழத் தட்டில் இறங்கியது. சீசன் இல்லாத காலத்தில் கிருஷ்ணகிரி வரை ஆள் விட்டு வாங்கிய மாம்பழம் ஐயா! தங்கள் வீட்டுக்கு வந்தது அதன் சாறுதான், என் சட்டையில் வந்தது.

அங்கே தங்கள் வீட்டு வாசலில் சந்திரா, "பின்னாலயே வர்றாங்க, பின்னாலயே வர்றாங்க" என்று நல்ல நேரம் முடிகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். இங்கே எனக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாஷா தனக்கென்று கட்டி வந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். இனிப்புத் தட்டில் கை வைப்பது முறையல்ல என்பதால் அதைச் சாப்பிட்டேன். பார்த்திபன் எனக்குத் துணைக்குச் சாப்பிட்டான். பரணி தொடவில்லை, இது சத்தியம். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காய் மட்டும் ஒரு வாய் எடுத்துக்கொண்டான், அது சைவம்தானே.

அதற்குள் ஊரே ஓடைக்கரையில் கூடிவிட, சேதி கேட்டுப் பட்டு வேட்டியோடு தாங்கள் டிராக்டரில் வந்து நின்றீர்கள். யானைக் கயிற்றைக் கட்டினோம். அது 'பட்' என்று அறுந்து, தங்கள் தோளில் இருந்த சரிகைத் துண்டைத் தட்டிக்கொண்டு போய்க் கருவேல மரத்தில் தொங்கியது. பார்த்திபன் உடனே, தங்கள் வீட்டு ஆண்களுக்கு மரியாதை செய்ய எடுத்து வந்த லுங்கிக் கட்டைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுப் பம்பரில் கட்டினான். லுங்கி தாங்கியது. பம்பர் தாங்கவில்லை. ஜீப்பை ஓடையில் விட்டுவிட்டுப் பம்பர் மட்டும் தங்களோடு வந்துவிட்டது. தாங்கள் திரும்பிப் பார்க்காமல் மாரியம்மன் கோயில் வரைக்கும் அதை ஊர்வலமாக இழுத்துக்கொண்டு போனீர்கள். பின்னால் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கையை ஆட்டி ஓடி வந்த ஜனத்தைப் பார்த்து, அவர்கள் வணக்கம் சொல்வதாக நினைத்துத் தாங்கள் கை கூப்பியது என் மனக்கண்ணை விட்டுப் போகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வருகிறது. அழுகைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு தாங்கள் திரும்பி வந்து, அதே லுங்கியை ஜீப்பின் அச்சில் கட்டி எங்களை வாசல்வரை இழுத்துப் போனீர்கள். நடந்தது இவ்வளவுதான். ஜீப்பைத் திங்கட்கிழமை பாஷாவின் ஷெட்டிலேயே விட்டுவிடப் போகிறேன். கோழியும் ஏக்கமாக இருக்கிறதாம். சேற்றுச் சிங்கத்தைப் போனிலிருந்து துரத்திவிட்டேன், இனி பக்திப் பாடல்தான். தாங்கள் ஒரு நல்ல நாள் சொன்னால், விடிவதற்கு முன்பே கிளம்பி, அரசாங்கப் பேருந்தில், பாலத்தின் வழியாக, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து தட்டு மாற்றிக்கொள்கிறோம். பரணி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற பிள்ளை. ஒரு சொட்டைக்கூடச் சிந்தாதவன். என்னைப் போல இல்லை. நித்யஸ்ரீயை முதல் தடவை பார்த்துவிட்டு வந்த அன்று அவனாகவே கடைக்குப் போய் எனக்குச் சர்க்கரை இல்லாத பிஸ்கட் வாங்கி வந்தான், அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் ஓடையில் முக்கிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவனை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், மரத்தில் தொங்கும் சரிகைத் துண்டுக்கு மன்னிப்பு. தங்கள் குலம் தழைக்கவும், அதில் ஓர் ஓரமாக எங்களுக்கும் இடம் கிடைக்கவும் அம்மனை வேண்டும்,

தங்கள் அடக்கமுள்ள,
ராமலிங்கம்.

பி.கு.: கவருக்குப் பசை தடவும்போது நித்யஸ்ரீ பரணிக்குப் போன் செய்தாள். என்னிடம் பேச வேண்டும் என்றாளாம். பசைக் கையோடே வாங்கினேன். "மாமா, எங்க அப்பா கோவமா இருக்காருன்னு நெனச்சிட்டீங்களா? அவரு செவுத்துப் பக்கம் திரும்பினது சிரிப்ப அடக்க முடியாமதான். வாயத் தொறந்தா பெரியவங்க முன்னாடி சிரிச்சிருவாருன்னு உள்ள ஓடிட்டாரு. கோயில் வரைக்கும் பம்பர இழுத்துக்கினு போனத நெனச்சு நெனச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதுகூடத் தனியா சிரிக்கிறாரு. எங்க ஊட்ல இவரு இப்டி சிரிச்சு நான் பாத்ததே இல்ல மாமா" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பந்தி! இந்த முறை பேனாவால் திருத்த வேண்டியதில்லை, நானே எழுதிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். "ஜீப்ப மட்டும் குடுத்துடாதீங்க. வேன்ல வந்தவங்கள யாரு பாத்தா? ஊரே ஓடைக்கரையிலதான் நின்னுது. வைகாசில மாப்பிள்ளை அழைப்பு ஜீப்லதான், ஓடை வழியாத்தான். பாலத்து மேல வந்தா நான் மணையில ஒக்கார மாட்டேன்" என்கிறாள். வீட்டுக்கு வரப்போகும் மகாலட்சுமியின் முதல் வார்த்தையைத் தட்டலாமா? ஆகவே மேலே எழுதிய சத்தியங்கள் அத்தனையையும் அடித்துவிடவும். சேற்றுச் சிங்கத்தைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ள ஒரு விஞ்ச் சொல்லியிருக்கிறான், அதற்கு ஆர்டரும் போட்டாயிற்று. ஒரே ஒரு சிக்கல். வைகாசியில் ஓடை காய்ந்து கிடக்கும் என்கிறார் பாஷா. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி தங்கள் கிணற்றுப் பம்புசெட்டை ஓடைப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட முடியுமா? முழங்கால் அளவு இருந்தால் போதும்.