பேச்சியம்மாள் வாங்காத பென்ஷன்

நான் எழுதியவற்றில் ஒன்றே ஒன்றுதான் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். நான் சொல்லாததற்குக் காரணம் அடக்கம் இல்லை, வெட்கம்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. பி.ஏ. முடித்துவிட்டு மட்டாஞ்சேரியில் வேலையில்லாமல் இருந்தேன். அப்பா யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் குடும்பம்; வீட்டில் பேசுவது தமிழில், சண்டை போடுவது மலையாளத்தில். என் வயதுப் பையன்களில் தமிழைத் தடுமாறாமல் எழுதத் தெரிந்தவர்கள் அபூர்வம். அதனாலேயே தமிழ் இலக்கியம் என்னை நம்பித்தான் இருக்கிறது என்று எனக்கு ஓர் எண்ணம். நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினோம். (வாசகர்கள் மொத்தம் ஐந்து பேர். எழுதிய நாங்கள் நால்வர் போக, ஐந்தாவது ஆள் ஒருவனுடைய தங்கை. அவளும் படிக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.)

அப்போதுதான் தேர்தல் வந்தது. எங்கள் எம்.எல்.ஏ. மறுபடியும் நின்றார். முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியர். ஊரே அவரை மாஷ் என்றுதான் கூப்பிடும். அவரிடம் பணமும் கிடையாது, பணக்கார நண்பர்களும் கிடையாது. வேட்பாளர் கட்டவேண்டிய டெபாசிட் தொகையைத் தொழிலாளிகள் யாராவது சேர்த்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த முறை சுக்கு குடோனில் சுக்கு பொறுக்கும் தமிழ்ப் பெண்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்ற செலவுகளுக்காகக் கடைத்தெருவில் வாளி ஏந்தினோம். (என் வாளியில் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. கட்சிச் செயலாளர் அதையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.)

சுள்ளிக்கல்லில் இருந்த தேர்தல் ஆபீசுக்கு என்னை வரச் சொன்னார்கள். தமிழ் வாக்காளர்களுக்காக மாஷின் சட்டசபைச் சாதனைகளை நாலு பக்க நோட்டீசாக எழுத வேண்டுமாம். மாஷ் ஒரு தடித்த கோப்பை என் கையில் கொடுத்தார். சட்டசபையில் அவர் கேட்ட கேள்விகள், பேசிய பேச்சுகள், மந்திரிகள் சொன்ன பதில்கள், மக்கள் கொடுத்த மனுக்களின் நகல்கள் எல்லாம் அதில் இருந்தன. முழுக்கப் படித்துவிட்டு எழுதச் சொன்னார். தேர்தல் முடிந்ததும் ஏலூர் உரத் தொழிற்சாலையில் தனக்குத் தெரிந்த ஓர் அதிகாரிக்கு எனக்காகக் கடிதம் தருவதாகவும் சொன்னார். அந்த நிமிஷமே நான் ஏலூரில் சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

கோப்பைத் திறந்தேன். முதல் தாளில் ஒரு சின்ன வாய்க்கால் பாலத்தின் அகலம் பற்றிய கேள்வி. இரண்டாவது தாளில் ரேஷன் கடை மண்ணெண்ணெய். இதில் எங்கே ரசம் இருக்கிறது? மூன்றாவது தாளை நான் புரட்டவில்லை. மத்தியானம் தலைக்கு வைத்துப் படுத்தேன். உயரம் சரியாக இருந்தது.

எழுந்து, கற்பனையிலிருந்து எழுதினேன். மாஷ் படகுத்துறையில் ஒரு விளக்கு போட வைத்திருந்தார். நான் அதை 'இருளை விரட்டிய ஞாயிறு' ஆக்கினேன். இப்படி மூன்று பக்கம் ஓடியது. நாலாவது பக்கத்துக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள். தாய் இல்லாமல் என்ன தமிழ் நோட்டீஸ்?

அச்சகம் வறீது சேட்டனுடையது. அந்தக் காலத்தில் படம் அச்சடிக்க எர்ணாகுளத்தில் 'பிளாக்' செய்து வாங்க வேண்டும். மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகடு அது. புதிது செய்யக் காசில்லை என்று செயலாளர் கையை விரித்துவிட்டார். வறீது சேட்டன் ஒரு டிராயரைத் திறந்து, பழையதில் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதில் ஒரு யானை, ஒரு கல்யாண ஜோடி, ஒரு தையல் மெஷின், ஒரு கிழவி. யாரோ நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று விட்டுப்போன கட்டையாம். யார் அந்தக் கிழவி, என்ன நோட்டீஸ், ஏன் வேண்டாம் என்றார்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தில் சோகமும் இருந்தது, உதட்டோரம் லேசாகச் சிரிப்பும் இருந்தது. இலக்கியத்துக்கு இது போதும் என்று நினைத்தேன்.

படத்துக்குக் கீழே நான் எழுதியது இது: "மாதம் தவறாமல் பென்ஷன் என் கைக்கு வருகிறது. என் கவலையெல்லாம் தீர்ந்தது. மாஷ் நான் பெறாத பிள்ளை. இங்ஙனம், ஒரு தாய்."

நோட்டீஸ் வந்து இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. சாயாக் கடையில் கேட்காதவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் காலையில் செயலாளர் வீட்டுக்கே வந்து என்னைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனார்.

படத்தில் இருந்தது பேச்சியம்மாள் என்று ஒரு விதவை. சுக்கு குடோனில் வேலை பார்த்தவர். பென்ஷனுக்கு எழுதிப்போட்டு, அது வராமலே ஒன்பது மாதத்துக்கு முன்னால் செத்துப்போயிருந்தார். அவருடைய மகள் பூரணம் அதே குடோனில் வேலை பார்க்கிறாள். மாஷுக்காக ஒவ்வொரு பெண்ணிடமும் போய் டெபாசிட் தொகை சேர்த்தது அவள்தான். இப்போது நோட்டீஸைப் பார்த்த பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களாம்: ஆள் செத்தாச்சு, பணம் மாதாமாதம் வருகிறது என்று அச்சிலேயே போட்டிருக்கிறது, அப்படியானால் வாங்குவது யார்? மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. செத்தவர் பெயரில் பணம் வாங்குகிறவளைச் சரக்கு இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது, சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். எதிர்க்கட்சி ஜீப் வேறு, செத்தவர்களுக்கும் பென்ஷன் கொடுக்கும் எம்.எல்.ஏ. என்று மைக் வைத்துக் கத்திக்கொண்டு போனது.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பூரணம் இல்லை, ஏலூர். இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. இரண்டாவதாக நினைவுக்கு வந்தது அந்த பிளாக். அது இருந்தால் சாட்சி. நேரே அச்சகத்துக்குப் போனேன். வறீது சேட்டன் சாயா குடிக்க வெளியே போயிருந்தார். கட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு ஓடி, காயலில் வீசினேன்.

மூழ்கவில்லை. மரக்கட்டை அல்லவா, மிதந்தது. தகடு கனமானதால் முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்து, என்னைப் பார்க்கப் பிடிக்காதவர் மாதிரி, நீரோட்டத்தோடு அது பாட்டுக்குக் கடல் பக்கம் போய்விட்டது. அது கண்ணிலிருந்து மறையும்வரை, காற்று வாங்க வந்தவனைப் போல நின்றுகொண்டிருந்தேன்.

மாஷ் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் கோப்பைத் திரும்ப வாங்கி, நான் புரட்டாத மூன்றாவது தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பேச்சியம்மாளின் மனு அது. புருஷன் செத்தது தமிழ்நாட்டில். அங்கிருந்து மரணச் சான்று வாங்கி வந்தால்தான் இங்கே பென்ஷன் என்று விதி. அந்த விதியைத் தளர்த்தச் சொல்லி மாஷ் சட்டசபையில் இரண்டு தடவை பேசியிருக்கிறார், இரண்டு தடவையும் நடக்கவில்லை. பேச்சு முழுக்க அடுத்த தாள்களில் இருந்தது. அதன் மேல்தான் நான் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

"எடோ," என்றார் மாஷ், "ஞான் செய்யாத்தது எழுதி. செய்தது விட்டு." (நான் செய்யாததை எழுதினாய், செய்ததை விட்டுவிட்டாய்.) பிறகு, மறுநாள் மத்தியானம் குடோன் வாசலில் தனக்கு வரவேற்பு இருக்கிறது, அங்கே வந்து நடந்ததை மைக்கில் சொல் என்றார். ஓட்டுப் போய்விடும் என்று செயலாளர் பதறினார். அந்தப் பெண்ணின் வேலை போய்விடும் என்று மாஷ் சொன்னார்.

மறுநாள் குடோன் வாசலில் நாற்பது ஐம்பது பெண்கள், தலையெல்லாம் சுக்குத் தூசி. பூரணம் தனியாக, தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மைக் என் கைக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? "பெருமதிப்பிற்குரிய தாய்க்குலமே, விதியின் விளையாட்டால் நேர்ந்துவிட்ட ஒரு சிறு பிழை" என்று ஆரம்பித்தேன். விதி பாவம், அதற்கு இதில் சம்பந்தமே இல்லை.

பூரணம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "தம்பி, எங்களுக்கு மனசிலாகுற மாதிரி சொல்லு."

என் தமிழ் மொத்தமும் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. "அந்தப் படத்துக்குக் கீழ எழுதினது பொய். எழுதினது நான். பேச்சியம்மாளுக்கு பென்ஷன் வரவே இல்லை. பூரணம் அக்கா ஒரு பைசா வாங்கலை" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை, திட்டவும் இல்லை. வயதான ஒரு பெண் எழுந்து போய், தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பூரணத்தின் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்று நான் நகர்ந்தபோது பூரணம் பின்னால் வந்தாள். பதினாறாம் நாள் நோட்டீசுக்காக அம்மாவின் போட்டோவைக் கொடுத்தார்களாம். பிளாக் செய்த இடத்தில் போட்டோ தொலைந்துவிட்டது. கையில் காசும் இல்லாமல் போய் நோட்டீஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

"எங்கம்மைக்கு வேற போட்டோ இல்ல தம்பி. அந்தக் கட்டையை மட்டும் தந்தா மதி, அது போதும்."

மைக்கில் ஒப்புக்கொண்டது இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. காயலில் எறிந்துவிட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் எங்கள் பிரசார ஜீப்பில் மிச்சமிருந்த நோட்டீஸ்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டி, மை அப்பாத, முகம் தெளிவாக விழுந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு வந்த அழுகையை இருமலாக மாற்றிக்கொண்டேன். நானும் வறீது சேட்டனும் ஒரு வள்ளத்தில் இரண்டு நாள் தேடினோம். கிடைத்தது ஒரு செருப்பு.

மாஷ் தோற்றார். உன்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை. ஆனால் சொன்னபடி ஏலூருக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். நான் (மானம் கெட்டவன்) அதை எடுத்துக்கொண்டும் போனேன். அதிகாரி படித்துவிட்டு, மாஷ் சுகமா என்று மட்டும் விசாரித்து, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

எட்டு வருஷம் கழித்து, பூரணத்தின் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. மனைவியோடும் கைக்குழந்தையோடும் போனேன். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பிளாஸ்டிக் மாலையோடு பேச்சியம்மாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பூரணம் என்னைக் காட்டி, "அம்மை படம் அச்சடிச்சுத் தந்தது இந்தத் தம்பிதான்" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே நன்றியோடு சொன்னாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

விவரம் தெரியாத என் மனைவி, இவர் எழுதுகிறவராச்சே, படத்தோடு ஏதாவது எழுதியும் இருப்பாரே, அது எங்கே என்று கேட்டாள்.

"அது பின்னால மடக்கி வச்சிருக்கு," என்றாள் பூரணம். "வெட்டினா அம்மை தோளுல கத்திரி பட்டுரும்னு."

வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் சொல்லும்படி ஆனது. அன்று கைக்குழந்தையாக இருந்த மகளுக்கும் இப்போது அது மனப்பாடம். என் கட்டுரை எதிலாவது வந்து, நான் அதை எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜையில் விரித்து வைத்தால், அவள் வந்து எடுப்பாள். படிக்க மாட்டாள். எழுத்து பின்னால் போகும்படி நிதானமாக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள்.