தசரதனின் எக்ஸ்போர்ட் பேக்கிங்

சனிக்கிழமை காலை தசரதன் ஒரு மகத்தான தீர்மானத்தோடு எழுந்தார். இன்று அந்தப் பார்சல் நார்வேக்குப் போகவே கூடாது!

மனைவி சத்யப்பிரியா கலர் கலராகத் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுச் சதுரம் சதுரமாகத் தைப்பவள். நார்வேயில் ஒரு பெண்மணியும் அப்படியே தைக்கிறாளாம். இவள் சதுரங்கள் அங்கே போகும், அவள் சதுரங்கள் இங்கே வரும். இரண்டையும் சேர்த்து ஆளுக்கொரு போர்வை. அனுப்ப இன்றுதான் கடைசி நாள். இதில் மட்டும் ஒருமுறை ருசி கண்டுவிட்டாளானால் சாப்பாட்டு மேஜையில் சோற்றைப் பார்க்க முடியாது, துணியைத்தான் பார்க்கலாம். நேற்று சாம்பாரில் முருங்கைக்காய் என்று அவர் கடித்தது நூல்கண்டு.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தசரதன் பேக்கிங் சூப்பர்வைசர். அந்த ஆயுதத்தையே எடுத்தார்.

"பிரியா, ஃபாரின் பார்சல்னா சும்மா இல்ல. ஏத்தும்போது குலுங்கும், எறக்கும்போது நசுங்கும். நார்வேல பனி வேற! துணி ஊறிக் கஞ்சியாப் பூடும். வாணாம், வுட்டுரு."

"ஐயோ, அப்ப இன்னாங்க பண்றது?"

"எக்ஸ்போர்ட் பேக்கிங் பண்ணணும். அது உன்னால ஆவாது."

"என்னால ஆவாதுதான். உங்களால?"

தசரதன் மாட்டிக்கொண்டார்.

"என்னாலயா? எஞ்சினையே பேக் பண்ணி ஜெர்மனிக்கு அனுப்பறவன்டி நான்!"

"அதான! உங்கள மாதிரி பேக்கு யாரு கீறாங்க?"

"இன்னா சொன்ன?"

"பேக்கிங்குக்கு ஆளு யாரு கீறாங்கன்னேன்."

வாயைத் தைத்த ஒரு கனத்த துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பிரிச்சிடாதீங்க, மடிப்பு கலஞ்சிடும்." கொடுத்துவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

போஸ்ட் ஆபீஸ் மூடும்வரை இழுத்தடிப்பதுதான் தசரதனின் திட்டம். ஆனால் டேப்பை இழுத்த 'சர்ர்ர்' சத்தம் காதில் விழுந்ததும் ரத்தம் சூடேறிவிட்டது. பையைச் சுற்றி பபிள் ஷீட். அதைச் சுற்றித் தெர்மோகோல். மூலைக்கு மூலை அட்டை முட்டு. மேலே பிளாஸ்டிக் பட்டை. போதாதென்று மாடிப்படியிலிருந்து பெட்டியை உருட்டிவிட்டுச் சோதனையும் பார்த்தார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜோயல் ஓடிவந்தார். "இன்னா சார், வாஷிங் மெஷின் வுழுந்துச்சா?"

"நார்வே!" என்றார் தசரதன், நெஞ்சை நிமிர்த்தி.

காலையில் செய்த தீர்மானம் போன இடம் தெரியவில்லை. "பிரியா! கெளம்பு, கெளம்பு! போஸ்ட் ஆபீஸ் மூடிடப்போறான்!"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நான் ஷேர் ஆட்டோல போயிக்கறேன்."

"என் பெட்டி ஷேர் ஆட்டோல போறதா? ஏறு வண்டில!"

பெட்டி முன்னால், பிரியா பின்னால். பெட்டிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ரோடு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் பறந்தது. ஸ்ரீபெரும்புதூர் போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில், கல்யாண வீட்டில் சீர்வரிசை வைப்பதுபோல் தசரதன் பெட்டியை வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிரியா கைப்பையைத் திறந்து, தோசைபோல் மெலிதான ஒரு கவரை எடுத்து நீட்டினாள். "நார்வேக்குங்க."

கவுன்ட்டர் அம்மா எடை போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, முத்திரை குத்தினாள். "போன தபா அனுப்பனது சேந்துச்சா மேடம்?"

"சேந்துச்சே! ஆஸ்திரேலியாக்காரிக்கு ஒரே சந்தோசம்."

தசரதன் கவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "போன தபாவா? அப்ப இந்தப் பெட்டில இன்னாடி கீது?"

"வெட்டிப் போட்ட துணிங்க. நீங்க பேக்கிங்ல இருந்தப்பதான் நிம்மதியாக் கடைசி சதுரத்தத் தெச்சி முடிச்சேன். அப்புறம், வெறும் கவருன்னா நீங்க வண்டிய எடுப்பீங்களா?"

கவுன்ட்டர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியை மரியாதையோடு பார்த்தாள்.

"சார், உங்களுது எந்த நாட்டுக்கு?"