நாமகரணம் சாரும் மரகதம் அக்காவின் மூக்கும்

தாம்பரத்தில் ஏறி வேளச்சேரியில் இறங்கும் வரை தேடினாலும், ஒரு மெதுவடையைக்கூட நம்பாத மனிதர் நாமகரணம் சார் ஒருவர்தான். டீக்கடையில் வடை வாங்கினால் கடிக்க மாட்டார். பையிலிருந்து புது பிளேடை எடுத்துக் குறுக்கே வெட்டி, உள்ளே உற்றுப் பார்த்து, "வெளித்தோற்றத்தை வெச்சு எதையும் சொல்லக் கூடாதுய்யா" என்பார். அவர் தலை தெரிந்தாலே டீ மாஸ்டர் வடைத்தட்டை மூடிவிடுவார்.

இரண்டாயிரங்களின் நடுவில், இரும்புலியூரில் ஒரு லேபில் அவர் டாக்டர், நான் ரிப்போர்ட் டைப் அடிப்பவன். உடம்பிலிருந்து வெட்டி அனுப்பும் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன கட்டி என்று பெயர் சொல்வது அவர் வேலை. மூக்கிலும் சைனஸிலும் வரும் அபூர்வக் கட்டி என்றால் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு. ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். ஒன்று சாது, மற்றது ஆளை முடித்துவிடும். பெயர் உறுதியாகாமல் கையெழுத்துப் போட மாட்டார். அதனால்தான் நாங்கள் அவருக்கு நாமகரணம் என்று பெயர் வைத்தோம்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. நோயாளியைப் பார்க்கவே மாட்டார். "முகத்தைப் பாத்தா நல்ல பேரா வெக்கத் தோணும்" என்பார். யாராவது தேடி வந்தால் பின்கதவு வழியாக ஓட்டம். ஒருநாள் அது பூட்டியிருந்ததால் ஜெனரேட்டர் ரூமில் அரைமணி நேரம் நின்று, கரி பூசிய முகத்தோடு வெளியே வந்தார்.

அப்போதுதான் மரகதம் அக்கா வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் விற்பவர். வேறொரு லேபில் அவர் மூக்குக் கட்டியை மோசமான புற்றுநோய் என்று எழுதிவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை மேல்தாடையோடு ஒரு கண்ணையும் எடுப்பதாக ஏற்பாடு. எதற்கும் இன்னொரு முறை பார்க்கட்டும் என்று ஸ்லைடையும் மீதித் துணுக்கையும் எங்களிடம் அனுப்பியிருந்தார் சர்ஜன்.

அக்கா தினமும் காலி மீன்கூடையோடு வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்.

"இன்னா தம்பி, எம் மூக்குக்கு உங்க டாக்டரு பேரு வெச்சுட்டாரா?"

"இன்னும் இல்லக்கா."

"புள்ளைக்குக்கூட இவ்ளோ நாளு ஆவாதே! மூக்கு பூட்டா நான் மீனை எப்டிப்பா மோந்து பாப்பேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனால் முந்தானையை முறுக்கும் கை நிற்காது.

சர்ஜன் போன் போட்டார். "சார், தியேட்டர் புக் பண்ணியாச்சு. ஒரே வார்த்தை சொல்லுங்க."

"ஒரே வார்த்தைதான் டாக்டர். அதுதான் இன்னும் வரல."

நான் மனசுக்குள் சாரைத் திட்டாத வசவு இல்லை. அவரோ எனக்குப் பிடிபடாத ஏதோ சாயங்கள் போட்டுப் பார்க்க, துணுக்கை வெளியூருக்கு அனுப்பிவிட்டு கூரியர் பையனுக்குக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை வடையைக்கூட வெட்டவில்லை. சாப்பிடவும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. மறுபடி ஸ்லைடைப் பார்த்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார். குளோமான்ஜியோபெரிசைட்டோமா. மூன்று தடவை தப்பாக அடித்தேன். மூன்று தடவையும் காகிதத்தைக் கிழித்தார். கையெழுத்துப் போட்டதும், வழக்கமான பின்கதவை விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, இது சாதுவான கட்டி. அதை மட்டும் எடுத்தாப் போதும். கண்ணுக்கும் தாடைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா திரும்பி வரலாம், வருஷா வருஷம் காட்டணும்."

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு 'ஓ'வென்று அழுதார். சாருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் மார்க்கெட்டில் சாரைப் பார்த்தேன். முட்டைகூடத் தொடாத சுத்த சைவம், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மீன்கடைக்கு எதிரே நின்றிருந்தார். மரகதம் அக்கா ஒரு சங்கரா மீனை எடுத்து, செவுளைத் திறந்து மோந்து பார்த்து, "த்தூ, நேத்து மீனு!" என்று தூக்கி எறிந்தார்.

சார் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை திட்டியதையெல்லாம் அங்கேயே, அந்த மீன் நாற்றத்திலேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.