கொய்ங் மாமாவும் இரண்டு பிரீஆம்ப்பும்

நிசப்தம் வேண்டும் என்பதற்காகக் கொய்ங் மாமா போட்ட சத்தத்தைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேறு யாரும் போட்டதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். டுடோரியல் காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

முன்னறை முழுக்க ஸ்டீரியோ செட். ஆளுயர ஸ்பீக்கர்கள், ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் போக, அத்தை உட்கார ஒரு ஸ்டூல் மிஞ்சியிருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் மதில்மேல் மாமாவின் தலை தெரிந்தது.

"மாப்ளே, உங்க வூட்டு ஃபிரிட்ஜ ஆஃப் பண்றியா? பாட்டுக்கு நடுவுல கொய்ங்னு ஒரு சத்தம்."

ஆஃப் பண்ணினேன். மறுபடி தலை. "ஃபேனு?" அதையும் பண்ணினேன். "டியூப்லைட்டு?" எங்கள் குடும்பமே இருட்டில் வியர்த்து வழிந்தது, பால் திரிந்தது. கொய்ங் போகவில்லை. அன்று மாலையே தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

அடுத்து, எர்த் சரியில்லை என்றார். தோட்டத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, செம்புக் கம்பி இறக்கினார். அத்தையின் செம்பருத்தி பட்டுப்போனது. கொய்ங் மட்டும் செழிப்பாக இருந்தது.

கடைசியில் பழி பிரீஆம்ப் மேல் விழுந்தது. பிளேயரிலிருந்து வரும் சன்னமான ஓசையைப் பக்குவப்படுத்திப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி அது. அதை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் வால்வு வைத்தது, டிரான்சிஸ்டர் வைத்தது என்று இரண்டு வகை; எதை வாங்குவது? அங்கேதான் மாமா இளைக்கத் தொடங்கினார்.

"வால்வுன்னா குரல் அப்படியே உருகும். ஆனா சூடு ஜாஸ்தி. டிரான்சிஸ்டருன்னா சுத்தமா இருக்கும், உயிரு இருக்காது. என்னா பண்ணலாம், சொல்லு."

என்னிடம் மட்டுமல்ல, வாசலில் கூடையை இறக்கிய மீன்காரம்மாவிடமும் கேட்டார். "எதையாவது வாங்கு சார், மீனு கெட்டுப்போவுது" என்றாள் அந்தம்மா.

சிதம்பரம் கீழவீதி பக்கம் ஒரு சந்தில் ஒரு பாய் பழைய செட்டுகள் விற்றுவந்தார். அவரிடம் இரண்டு வகையும் இருப்பதாகத் தகவல் வந்ததும் பஸ் ஏறினோம். தனக்குப் பிடித்த ரெக்கார்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்ட மாமா, குலுக்கலில் அது உடைந்துவிடும் என்று, சீட் இருந்தும் வழி நெடுக நின்றுகொண்டே வந்தார். முட்லூர் தாண்டியதும் என் பக்கம் குனிந்தார்.

"இதுலயும் கொய்ங் வந்துச்சின்னா? அப்புறம் மாத்தறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல மாப்ளே."

பாய் முதலில் டிரான்சிஸ்டரை மாட்டினார்.

"கொய்ங்" என்றார் மாமா.

வால்வை மாட்டினார்.

"கொய்ங்."

பாய் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே சார்."

"காதக் காட்டுங்க பாய் எங்கயாவது."

அப்போது கரண்ட் போனது. கரண்ட் கட் உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. எங்கள் தெருவில் கரண்ட் போன நொடியே கடைகளின் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும். அந்தச் சந்தில் அதுவும் இல்லை. ஃபேன் கடைசிச் சுற்று சுற்றி நின்றது. அப்படி ஓர் அமைதி. மாமா விரலை உயர்த்தினார்.

"பாருங்க! இப்பத்தான் தெளிவா கேக்குது!"

பாய் என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். மாமாவின் விரல் மெல்லக் கீழே இறங்கியது.

"பாய்... கரண்ட் போயிருச்சில்ல?"

"போயிருச்சி சார்."

திரும்பும்போது சீட்டில் உட்கார்ந்துதான் வந்தார். ரெக்கார்ட் குலுங்கியதை அவர் கவனிக்கவே இல்லை. "காது போயிருச்சின்னா எனக்கு என்னா இருக்கு?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனைக்காக மாமாவுக்கு ஹெட்போனை மாட்டினார்கள். மாமா அதைத் தடவிப் பார்த்து, "இதுல வால்வா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "காது போகாது. இந்தச் சத்தமும் போகாது. ரொம்ப அமைதியா இருந்தா ஜாஸ்தியா தெரியும். சின்னதா பாட்டு ஓடிக்கிட்டே இருக்கட்டும், மறந்துடுவீங்க."

மாமா எழுந்து நின்றுவிட்டார். "டாக்டர், இத எங்க வூட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அடுத்த வாரம் சிதம்பரத்துக்கு அத்தையும் வந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, மாமா கைகட்டி நின்றார். "எங்காத நம்ப முடியாது. உனக்கு எது நல்லாருக்கோ, அதான்."

அத்தை கண்ணை மூடிக் கேட்டார். "இதுல பாடறவங்க மூச்சு வுடறது கூட கேக்குது" என்று வால்வைக் காட்டினார். மாமா உடனே பணத்தை எடுத்து நீட்டினார்.

அதன்பிறகு அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து சன்னமாகப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. என்றைக்காவது ஓடவில்லை என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டிவிடுவேன்.